ஏழரை மணிக்குத் தனகோடி

படப்பிடிப்பு வண்டிகள் மரக்காணம் உப்பளத்து மண்பாதையில் இறங்கியபோதே ஏதோ சரியில்லை என்று சகாயமேரிக்குப் பட்டது. படப்பிடிப்பு என்றால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் வரும், கதாநாயகியோடு செல்ஃபி எடுக்க முண்டியடிக்கும். அன்று நின்ற கூட்டம் வேறு மாதிரி இருந்தது. இருபது முப்பது பெண்கள், உப்பு வாரும் பலகைகளைக் கையில் பிடித்தபடி, ஜெனரேட்டர் வண்டிக்குக் குறுக்கே நின்றிருந்தார்கள். நடுவில் தனகோடி.

அவளைப் பார்த்ததும் சகாயமேரிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். பார்த்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். காரை விட்டு இறங்கி, "தனகோடியக்கா!" என்று கையை நீட்டிக்கொண்டு ஓடினாள்.

"கிட்ட வராத."

சகாயமேரி நின்றுவிட்டாள்.

தனகோடி இடுப்பிலிருந்து செல்போனை எடுத்து நீட்டினாள். "இதப் பாரு. பாத்துட்டுப் பேசு."

சுற்றிலும் பாத்திகளில் உப்பு பூத்துக் கிடந்த வெளிச்சத்தில் திரையில் ஒன்றும் தெரியவில்லை. சகாயமேரி துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டு, அந்த இருட்டுக்குள் போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். அவள் இயக்கும் தொடர்தான் ஓடிக்கொண்டிருந்தது. 'உப்பளத்து மருமகள்'. தினமும் மாலை ஏழரை மணி. கதாநாயகியின் அம்மா பற்றி மாமியார்க்காரி பேசுகிறாள், திரை மங்குகிறது, பழைய கதை விரிகிறது. உப்பளத்து வரப்பு. தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் அழுகிறாள். புருவத்தில் உப்புப் பொடி. அந்தப் பெண் தனகோடி.

பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய தனகோடி. அவள் வாய் அசைந்தது. யாரோ டப்பிங் பேசும் பெண்ணின் குரல் அந்த வாயிலிருந்து வந்தது.

"ஆமா. நான்தான் கஞ்சியில விஷத்தக் கலந்து குடுத்தேன். குடிச்சிட்டுச் செத்தான்."

உதடும் குரலும் மயிரிழை பிசகாமல் பொருந்தியிருந்தன.

சகாயமேரி இரண்டாம் முறை பார்த்தாள். அவள் எடுத்த எபிசோடில் அந்தக் காட்சி கிடையாது. மாமியார் வாயால் கதையைச் சொல்லிவிட்டுப் போகிற மாதிரிதான் எடுத்துக் கொடுத்திருந்தாள். சேனலின் கிரியேட்டிவ் குழு அங்கங்கே எதையாவது செருகுவது வழக்கம். ஒரு பாட்டு, ஒரு மின்னல் வெட்டு, ஒரு ஸ்லோமோஷன். முதலில் சண்டை போட்டுப் பார்த்தாள். பிறகு காலையிலிருந்து இரவு வரை அடுத்த எபிசோடை எடுக்கவே நேரம் போதாமல், தன் தொடரைத் தானே பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

துப்பட்டாவை விலக்கியபோது கண் கூசியது. "அக்கா, சத்தியமா இது நான் பண்ணல."

"மேல உன் பேரு வருதே. இயக்கம் சகாயமேரின்னு."

சகாயமேரி போனைத் திருப்பி நீட்டினாள்.

"எம் பொண்ணு ஜெயாவ ஒலக்கூர் பக்கம் கட்டிக் குடுத்திருக்கேன்," என்றாள் தனகோடி. குரல் ஏறவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "அவ மாமியா இந்த சீரியல வுடாம பாக்குறவ. போன வெள்ளிக்கிழமையிலேர்ந்து எம் பொண்ணு கையால சோறு வாங்க மாட்டேங்குது. புள்ளைக்கும் குடுக்கக் கூடாதாம். அவளே தனியா அடுப்பு மூட்டி ஆக்கித் திங்குது. 'உங்காத்தா புத்தி உனக்கு வராதுன்னு என்னாடி நிச்சயம்'னு கேட்டாளாம். எம் பொண்ணு போன்ல அழுவுறா. நான் என்னா சொல்லட்டும்? சொல்லு மேரி. அது நான் இல்லன்னு சொல்லட்டா? மூஞ்சி என்னுது. பேசுற வாயும் என்னுது."

பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். "வண்டிய எடுக்கச் சொல்லு! ஒரு கம்பிகூட நடக் கூடாது இங்க!"

கதாநாயகி பூஜா கேரவனின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத் திரையை மூடிக்கொண்டாள். சகாயமேரி மேனேஜரைக் கூப்பிட்டாள். "பேக் அப்."

"மேடம், மூணு நாள் ஷெட்யூல்..."

"பேக் அப்னு சொன்னேன்ல!"

அங்கிருந்து நேராகச் சென்னையில் சேனல் ஆபீஸுக்குப் போனாள்.

சகாயமேரி மரக்காணத்துக்குப் பக்கத்து அனுமந்தைக்காரி. கோயில் திருவிழாவில் நாடகம் போட்டு வளர்ந்தவள். படித்து முடித்து, அப்போது புதிதாகத் தொடங்கியிருந்த அந்தச் சேனலில் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அரைமணி நேர ஆவணப்படங்கள் எடுத்தாள். கோட்டக்குப்பத்துப் பெண்களும் அவர்களுடைய துபாய் கணவர்களும், புயலில் படகு போன குடும்பங்கள், கல் குவாரி. தன் கடற்கரைக்குத் திரும்பத் திரும்ப வந்தாள். அப்படித்தான் தனகோடியைச் சந்தித்தாள். தனகோடியின் புருஷன் சடையப்பன் உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் ஒயரை மிதித்து, கரண்ட் அடித்துச் செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கேமராவுக்கு முன்னால் வரப்பில் உட்கார்ந்து, "அந்த ஒயருக்கு ஒரு பைப்பு போட்டிருந்தா எங்க வூட்டுக்காரரு இருந்திருப்பாரு" என்று சொல்லி அழுதாள். படம் ஓடியது. கலெக்டர் ஆபீஸிலிருந்து ஆள் வந்து பார்த்தார்கள், ஒயர்களெல்லாம் பைப்புக்குள் போயின. சகாயமேரிக்கு விருது கிடைத்தது.

விருது கிடைத்த மறுவருடமே ஆவணப்படப் பிரிவை மூடிவிட்டார்கள். யாரும் பார்ப்பதில்லை என்றார்கள். "உங்களுக்கு அழுகை நல்லா எடுக்க வருது. சீரியலுக்கு வாங்க," என்றார் அப்போதைய தலைவர். அவள் போனாள். அம்மாவின் மருத்துவச் செலவு இருந்தது என்று மற்றவர்களிடம் சொல்லுவாள். உண்மையில் வேலை செய்யாமல் அவளால் இருக்க முடியாது, அவ்வளவுதான். நான்கு தொடர்கள், ஆயிரத்துக்கு மேல் எபிசோடுகள். நல்ல காட்சிகளும் எடுத்திருக்கிறாள். ஒரு கிழவர் பென்ஷன் ஆபீஸில் நாள் முழுக்கக் காத்திருக்கும் எபிசோடை அவளே இன்னும் நினைத்துக்கொள்வாள். உப்பளத்தைக் களமாக வைத்து ஒரு தொடர் என்று சேனல் கேட்டபோது, கொஞ்சமாவது நிஜத்தைக் காட்டலாம் என்று நம்பித்தான் ஒப்புக்கொண்டாள்.

இப்போது தொடர்களுக்கெல்லாம் தலைவன் வேல்முருகன். அந்த உப்பள ஆவணப்படத்தில் அவளுக்கு உதவியாளனாக இருந்தவன். கண்ணாடி அறைக்குள் அவள் கதவைத் தட்டாமல் நுழைந்ததும் எழுந்து நின்றான். பழைய மரியாதை.

"வாங்க மேடம். ஷூட் கேன்சல் ஆச்சாமே?"

"அந்த ஃப்ளாஷ்பேக்ல வர்றது யாருன்னு உனக்குத் தெரியுமா வேலு?"

"தெரியாம என்ன மேடம். தனகோடியம்மா. நீங்களும் நானும் அவங்க வீட்டுல கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டோமே."

தெரியாமல் நடந்துவிட்டது, எந்தப் பையனோ பழைய டேப்பைத் தேடி எடுத்துப் போட்டுவிட்டான் என்று அவன் சொல்வான் என எதிர்பார்த்து வந்திருந்தாள். அப்படிச் சொல்லியிருந்தால் மன்னித்துக்கூட இருப்பாள்.

"தெரிஞ்சா பண்ண?"

"தெரிஞ்சதாலதான் மேடம். அம்மா ஃப்ளாஷ்பேக்னு சொன்னதுமே எனக்கு அந்த மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு. எந்த ஆர்ட்டிஸ்ட்டக் கூட்டியாந்து எத்தனை பாட்டில் கிளிசரின் ஊத்தினாலும் அந்த அழுகை வராது."

"அவ அழுதது புருஷன் செத்ததுக்குடா!"

"அதான் சொல்றேன். ஒரிஜினல்." அவன் முகத்தில் கேலி இல்லை. ரசித்துத்தான் சொன்னான். "வாய மட்டும் கம்ப்யூட்டர்ல மாத்தினோம். ஒரு நாள் வேலை. அந்த வாரம் ரேட்டிங் எங்க போச்சு தெரியுமா?"

சகாயமேரி மேஜையில் ஓங்கி அடித்தாள். தண்ணீர் டம்ளர் கவிழ்ந்து அவன் லேப்டாப் பக்கம் ஓடியது. அவன் பதறிக் காகிதங்களை அள்ளிப் போட்டான்.

"அவ பொண்ணு கையால யாரும் சோறு வாங்க மாட்டேங்குறாங்க. அந்தக் காட்சியத் தூக்கு. அது நிஜம் இல்ல, தப்பு நடந்துபோச்சுன்னு டிவியில சொல்லு."

"கத்தாதீங்க மேடம், வெளிய பசங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும்!"

"மன்னிப்புக் கேட்டா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு லீகல்ல சொல்லுவாங்க. ஃபுட்டேஜ் சேனலோடது, அக்ரிமென்ட்ல நீங்களே சைன் பண்ணியிருக்கீங்க. எல்லாம் கற்பனைன்னு ஆரம்பத்துலயே கார்டு போடுறோம். இந்த ட்ராக் முடியட்டும், ஆப்ல இருந்து எடுத்துடலாம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாரு மேடம் வரப் போறா? அந்தம்மா கோர்ட்டுக்கா போவப் போவுது?" என்றான்.

அவன் கல்யாணம் நின்றுபோய் வீட்டுக்குப் போக முடியாமல் இருந்த சமயத்தில் மூன்று மாதம் தன் அறையில் தங்க இடம் கொடுத்து, கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்து, கைபிடித்து நிறுத்திய ஆள்தான் அவள். அதையெல்லாம் எடுத்துச் சொல்லலாம் என்று நினைத்தாள். சொல்லவில்லை. சொன்னால் தன் கோபம் அவனிடம் நன்றி கேட்பதுபோல் ஆகிவிடும். வெளியே வந்து கதவை அறைந்து சாத்தப் பார்த்தாள். கண்ணாடிக் கதவு, அறையக்கூட இல்லை. மெதுவாகத்தான் மூடிக்கொண்டது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலை தனியாக மரக்காணம் வந்தாள். தனகோடி பாத்தியில் இறங்கிப் பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள் சகாயமேரி. வேல்முருகன் பேரைக் கேட்டதும் தனகோடியின் பலகை நின்றது.

"அந்தக் கண்ணாடி போட்ட புள்ளையா? குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்துங்கம்மான்னு கேட்டு வாங்கித் தின்னானே, அவனா?"

"அவன்தான்."

தனகோடி பாத்தித் தண்ணீரிலேயே காறித் துப்பினாள். மறுபடி உப்பை இழுத்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அதே டிவியில, அதே நேரத்துல நான் பேசணும்."

"விட மாட்டாங்கக்கா."

"நீ எதுக்கு இருக்குற? உன் பேரு பெருசா வருதில்ல? பேரு மட்டும் வர்றதுக்கா நீ?"

சகாயமேரிக்குச் சுரீர் என்றது. கோபம் தனகோடி மேல் திரும்பப் பார்த்தது, திரும்ப இடமில்லாமல் தனக்குள்ளேயே வந்து விழுந்தது. அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. கிரியேட்டிவ் குழு செருகல்களை முடித்துத் திருப்பித் தந்ததும், தினமும் நாலு மணி வாக்கில் அன்றைய எபிசோடை அவளுடைய எடிட்டிங் அறையிலிருந்துதான் சேனலின் ஒளிபரப்புக்கு அனுப்புகிறார்கள். ஒளிபரப்பு நாளன்றுதான் போகும். சத்தம் சரியாக இருக்கிறதா, சிகரெட் காட்சிக்கு எச்சரிக்கை வந்திருக்கிறதா என்று மட்டும் அங்கே ஒருவன் ஓட்டிப் பார்ப்பான். கதையை யாரும் பார்ப்பதில்லை. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

கார் டிக்கியிலிருந்து சின்னக் கேமராவையும் ஸ்டாண்டையும் எடுத்து வந்தாள். "இந்த வரப்புல உக்காருங்கக்கா. முதல்ல பேரச் சொல்லிட்டு..."

"நீ ஒண்ணும் சொல்லித் தராத. போன தடவ நீ சொன்ன எடத்துல உக்காந்தேன். இந்தத் தடவ நிக்கிறேன்."

நின்றாள். கையிலிருந்த பலகையைக் கீழே போடவில்லை. காற்று மைக்கில் இரைந்தது. சகாயமேரி கேமராவை ஓடவிட்டாள்.

"எம் பேரு தனகோடி. மரக்காணத்துல உப்பு வார்ற வேலை. எங்க வூட்டுக்காரரு சடையப்பன் மோட்டார் ஒயர்ல கரண்ட் அடிச்சுச் செத்தாரு. ஊருக்கே தெரியும். இந்த டிவிக்காரனுக்கும் தெரியும், அவன்தான் அத ஒரு நாள் காட்டினான். இப்ப அதே மூஞ்சிய எடுத்து, என் வாயத் திருகி, நான் விஷம் வெச்சேன்னு சொல்ல வெச்சிருக்கான். அது என் வாய் இல்ல. ஏம்மா சம்பந்தி, உன்னத்தான் கேக்குறேன். மூணு வருசமா எம் பொண்ணு கைச்சோறு தின்ன. ஒரு நாளு வயித்த வலின்னு படுத்தியா? பொட்டியில எவளோ பேசினா நம்புவ, வூட்டுல இருக்குறவள நம்ப மாட்டியா? இதப் பண்ணினவன் எங்க வூட்டுல சாப்பிட்டவன். பேரு சொல்ல மாட்டேன், கேக்குறப்ப அவனுக்கே தெரியும். இதோ எதிர்ல கேமரா புடிச்சுக்கினு நிக்கிறாளே, இவளும் சாப்பிட்டவதான். என் அழுகைய எடுத்துக்கினு போயி பெரிய ஆளா ஆனா. அத எவன் கையில குடுத்தோம், என்னா ஆச்சுன்னு ஒரு நாளு திரும்பிப் பாத்தாளா? பாக்கல. இவ மேலயும் எனக்குக் கோவம்தான். என் மூஞ்சி எனக்குத்தான் சொந்தம். எவனும் தொடக் கூடாது. அவ்ளோதான். நிறுத்து."

சகாயமேரி நிறுத்தினாள். தனகோடி அதற்குள் பாத்தியில் இறங்கிவிட்டாள்.

எடிட்டர் அருண்ராஜ் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். "மேடம், வேலை போயிடும். உங்களுக்கு இனி யாரும் வேலையே குடுக்க மாட்டாங்க."

"தெரியும்."

"உங்களத் திட்டுற இடத்த மட்டும் எடுத்துரலாமா? காத்துச் சத்தம் வேற ஜாஸ்தியா இருக்கு."

"ஒரு எழுத்து எடுக்காத. இல்ல, நீ எதையுமே தொடாத. பாஸ்வேர்டச் சொல்லிட்டு நீ வீட்டுக்குப் போ. கேட்டா மேடம் தொரத்திட்டாங்கன்னு சொல்லு."

அவன் போகாமல் தயங்கினான். "போடா!" என்று அவள் கத்தியதும் எழுந்து போனான். சகாயமேரி தானே உட்கார்ந்தாள். அன்றைய எபிசோடின் முதல் காட்சி முடிந்ததும், முன்பு அந்தப் பொய் வந்த அதே விதமாகத் திரையை மங்கச் செய்து, தனகோடியை வைத்தாள். இசை இல்லை. கீழே எழுத்து இல்லை. அனுப்பிவிட்டு, மறுபடி காரை எடுத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்பினாள். தன் அறையில் தனியாக உட்கார்ந்து அதைப் பார்க்க அவளுக்கு மனமில்லை.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு பரோட்டாக் கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு டீயைச் சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்தாள். ஏழரைக்குத் தொடர் தொடங்கியது. யாரும் கவனிக்கவில்லை. மாமியார் கத்தினாள், மருமகள் கண்ணைத் துடைத்தாள், திரை மங்கியது.

"எம் பேரு தனகோடி."

கல்லில் பரோட்டாவைத் தட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "டேய், நம்ம தனகோடிடா! சவுண்டு வையி!" சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். ரோட்டில் போனவர்கள் உள்ளே வந்தார்கள். 'இவ மேலயும் எனக்குக் கோவம்தான்' என்ற இடம் வந்தபோது, கடையில் யாருக்கும் தெரியாமல் சகாயமேரி தலையைக் குனிந்துகொண்டாள். காட்சி முடிந்து, ஒன்றுமே நடக்காததுபோல் மருமகள் மறுபடி கண்ணைத் துடைத்தபோது, கடைக்காரர் டிவியைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னார்.

தொடர் முடிவதற்குள் போன் வந்துவிட்டது.

"மேடம், என்னா பண்ணி வெச்சிருக்கீங்க!" வேல்முருகனுக்கு மூச்சு வாங்கியது.

"எபிசோடு டெலிவரி பண்ணியிருக்கேன்."

"உங்கள ஒழிச்சிடுவேன்!"

"அவ உன் பேரச் சொல்லல வேலு. நானா இருந்தா சொல்லியிருப்பேன்," என்று சொல்லிப் போனை அணைத்தாள்.

மறுநாள் காலைக்குள் அவளை நீக்கிவிட்டார்கள். வக்கீல் நோட்டீஸ் வந்தது. இயக்குநர் சங்கத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். வேறொருவர் இயக்கத்தில் மருமகள் தன்பாட்டுக்கு அழுதுகொண்டிருந்தாள். ஆப்பில் அந்த இரண்டு நிமிடத்தை வெட்டிவிட்டார்கள், ஆனால் அதற்குள் ஊர் முழுக்கச் செல்போனில் பரவியிருந்தது. ஒலக்கூர் மாமியாரும் பார்த்தாளாம். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லையாம். இரண்டு நாள் கழித்து, ஜெயா வைத்த குழம்பைத் தானே கரண்டியால் எடுத்து ஊற்றிக்கொண்டாளாம். மன்னிப்பெல்லாம் கிடையாது. உப்புக் குறைச்சல் என்று மட்டும் குறை சொன்னாளாம்.

இத்தோடு முடிந்தது என்று சகாயமேரி நினைத்த வாரத்தில்தான் அந்த விளம்பரம் வந்தது. 'என் மூஞ்சி எனக்குத்தான் சொந்தம்' என்று தனகோடி சொல்லும் ஒரு துண்டு, பின்னால் உடுக்கைச் சத்தம், அதைத் தொடர்ந்து பூஜா பலகையைத் தூக்கிக்கொண்டு ஸ்லோமோஷனில் நடக்கிறாள். 'உப்பளத்து மருமகள். இனி அவள் பொறுக்க மாட்டாள்.'

சகாயமேரி அன்று வீட்டில் தனியாக இருந்தாள். ரிமோட்டைச் சுவரில் எறிந்தாள், அது உடைந்தது. அப்புறமும் ஆத்திரம் தீராமல் சமையலறைக்குப் போய், கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடி தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். திருடினார்கள், திருட்டைச் சொன்ன வாயையும் திருடினார்கள். எதைக் கொடுத்தாலும் விற்றுவிடுவார்கள். கோபத்தைக் கொடுத்தால் கோபத்தை விற்பார்கள்.

விடிந்ததும் தனகோடியின் போன்.

"பாத்தியா?"

"பாத்தேன்கா."

"போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறோம். எல்லாப் பொம்பளைங்களும் வர்றாங்க. நீயும் வா. என்னா பண்ணினாங்க, எப்படிப் பண்ணினாங்கன்னு சொல்ல ஆளு வேணும்."

போனாள். முதல் நாள் புகாரை வாங்கவில்லை. மறுநாளும் வேலைக்குப் போகாமல் பெண்கள் ஸ்டேஷன் வாசலிலேயே உட்கார்ந்ததும் வாங்கினார்கள். திண்டிவனத்தில் ஒரு வக்கீல் அம்மா வழக்கை எடுத்துக்கொண்டார். தன்னுடைய எபிசோடில் எது இருந்தது, எது பிறகு செருகப்பட்டது என்று சகாயமேரி நீதிமன்றத்தில் எழுத்தில் கொடுத்தாள். சேனல் தன்மேல் போட்டிருந்த வழக்கை அது இன்னும் இறுக்கும் என்று வக்கீல் எச்சரித்தும் கொடுத்தாள். தனகோடியின் முகம் வரும் எதையும் வழக்கு முடியும்வரை காட்டக் கூடாது என்று இடைக்கால உத்தரவு வந்தது. விளம்பரம் நின்றது. அந்தப் பழைய பொய்யும் ஆப்பிலிருந்து போனது. ஆனால் மன்னிப்பு வரவில்லை. வேல்முருகன் இதற்கிடையில் இன்னும் பெரிய சேனலுக்கு இன்னும் பெரிய பதவியில் போய்விட்டான். அந்தச் செய்தி வந்த பேப்பரைச் சகாயமேரி கிழித்துப் போட்டாள்.

ஜூன் மாதத்து வாய்தாவில் சேனல் வக்கீல் அவகாசம் கேட்டார். கொடுத்தார்கள். வெளியே வந்து திண்டிவனம் கோர்ட்டு வாசலில் மூவரும் கரும்பு ஜூஸ் குடித்தார்கள், தனகோடி, ஜெயா, சகாயமேரி. ஜெயாவின் குழந்தை ஐஸ் கேட்டு அடம் பிடித்தது.

"வேலைக்கு என்னா பண்ற?" என்றாள் தனகோடி, அவளைப் பார்க்காமலே.

"கல்யாண வீடியோ எடிட் பண்றேன். பாண்டிச்சேரில ஒரு காலேஜ்ல பாடம் எடுக்கக் கூப்பிட்டிருக்காங்க."

"ம்." தனகோடி டம்ளரைக் கீழே வைத்தாள். "ஊர்ல சொல்றாங்க, பாவம், உனக்காக வேலைய வுட்டுட்டா, வூட்டுக்குக் கூப்புட்டுச் சோறு போடுன்னு. எனக்கு இன்னும் மனசு வரல மேரி. கோவம் போவல."

"எனக்கும் போகலக்கா."

"யாரு மேல?"

"எல்லார் மேலயும். என் மேலயும்."

தனகோடி அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். "சரி. அடுத்த வாய்தாவுக்கு நேரத்தோட வந்துடு. இன்னிக்கு மாதிரி லேட்டா வராத, அந்த வக்கீலம்மா பயந்துடுது."

மரக்காணம் பஸ் வந்தது. ஜெயா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏற, தனகோடி பின்னால் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பும்வரை சகாயமேரி வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். தனகோடி கையசைக்கவில்லை. பக்கத்துச் சீட்டுக்காரியிடம் ஏதோ கோர்ட்டைப் பற்றி உரக்கத் திட்டிக்கொண்டே போனாள்.